தூக்கிவிட ஆளு இருக்கு, தேடறதுக்கு?

ஆன்லைன் கேம்னு பேச்சு எடுத்தாலே நம்ம ஆளுங்க கிட்ட ரெண்டே கதைதான் இருக்கும். ஒன்னு பையன் போன்லயே கிடக்கான் படிப்பு போச்சுங்கறது, இன்னொன்னு மைக் ஆன் பண்ணா போதும் ஆத்தா அம்மாவ இழுத்து திட்டறானுங்கங்கறது. ரெண்டும் பொய் இல்ல. ஆனா பெங்களூர்ல பொம்மனஹள்ளி, மடிவாளா, பிடிஎம் பக்கம் பிஜில தங்கி வேலைக்கு போற நம்ம தமிழ் பசங்க ராத்திரி பதினோரு மணிக்கு மேல பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைல் துப்பாக்கி சண்டை கேமோட இந்திய வடிவம்) ஆடறத பக்கத்துல உக்காந்து பாத்தீங்கன்னா இந்த ரெண்டு கதைக்குள்ளயும் அடங்காத ஒன்னு நடக்கும், முன்ன பின்ன தெரியாதவன் ஒருத்தன் தன் உயிர பணயம் வச்சு உங்கள தூக்கிவிடுவான், கையில இருக்கற மருந்த கீழ போட்டு எடுத்துக்கோம்பான், மேட்ச் முடிஞ்சதும் யாரு என்னன்னே தெரியாம போயிடுவான்.

ஆடாதவங்களுக்காக சொல்லிடறேன். நூறு பேரு ஒரு தீவுல இறங்குவாங்க, பெரும்பாலும் நாலு நாலு பேரா டீம், கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கற டீம்தான் ஜெயிக்கும். டீம்ல ஒருத்தன் அடிபட்டு விழுந்தா உடனே சாக மாட்டான், தவழ்ந்துட்டு இருப்பான், இன்னொருத்தன் பக்கத்துல வந்து சில செகண்ட் அசையாம உக்காந்து ரிவைவ் பண்ணணும். அந்த சில செகண்ட் அவனால சுட முடியாது, ஓட முடியாது, எவன் வேணா அவன போட்டுட்டு போலாம். கணக்கு போட்டு ஆடறவனா இருந்தா விழுந்தவன விட்டுட்டு கிளம்பிடலாம். அப்படியும் போறாங்கதான், ஆனா நிறைய பேரு போறதில்ல.

எங்க பிஜில மூணாவது மாடில ஒரு தம்பி இருக்கான், ஈரோடு பக்கம், எலக்ட்ரானிக் சிட்டில ஷிஃப்ட் வேலை. ரூம்ல டவர் எடுக்காதுன்னு மாடிப்படில உக்காந்துதான் ஆடுவான், காதுல ஒத்த இயர்போன். ஒரு நாள் கேம்ல வர்ற போச்சிங்கிங்கற ஊர்ல ரெண்டு வீட்டுக்கு நடுவுல அடிவாங்கி விழுந்துட்டான், அவன் டீம்ல இருந்த எவனோ ஒரு ஹிந்திக்காரன் ஸ்மோக் போட்டு பொகைக்குள்ள ஓடி வந்து தூக்கிவிட்டான், அப்புறம் தன் கிட்ட இருந்த ஒரே ஃபர்ஸ்ட் எய்ட கீழ போட்டு "லே லே பாய்"ன்னான். தம்பிக்கு அதுக்கு மேல ஹிந்தி வராது, "தாங்க்ஸ் ப்ரோ"ன்னான். ஒரு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் சேந்து ஆடினாங்க, செத்தாங்க, மேட்ச் முடிஞ்சு திரும்ப முதல் திரை வந்துச்சு. யாருடா அதுன்னு கேட்டா "தெரியலண்ணா, ஐடி கூட பாக்கல"ங்கறான். அப்புறம் அடுத்த மேட்ச் ஸ்டார்ட் பண்ணிட்டான், வேற மூணு பேரு.

எனக்கு இதுல ரெண்டு கேள்வி. ஒன்னு, இவ்ளோ நல்லவனா இருக்க ஏன் முடியுது? ரெண்டாவது, ஒரு ராத்திரில இத்தன பேரு தூக்கிவிட்டும் அந்த பையன் ஏன் அவ்ளோ தனியா இருக்கான்?

முதல் கேள்விக்கு பதில் பாதி மனுஷன் கிட்ட இருக்கு, மீதி பாதி கேம் செஞ்சவன் கிட்ட இருக்கு. 2012ல ஜர்னின்னு ஒரு கேம் வந்துச்சு, பாலைவனத்துல ஒரு மலைய நோக்கி நடந்துட்டே இருக்கணும், நடுவுல இன்னொரு ஆளு வருவான், அதுவும் எங்கயோ உக்காந்து ஆடற நிஜ ஆளுதான், ஆனா பேரு தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பலாம். கூட வந்தவங்க பேரு கேம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் காட்டும். அத செஞ்ச டீமோட தலைவர் ஜெனோவா சென் சொன்ன விஷயம் ஒன்னு ரொம்ப முக்கியம். முதல்ல டெஸ்ட் பண்ணப்ப ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்க முடியற மாதிரிதான் வச்சிருந்தாங்க, சேந்து தள்ளி உதவி பண்ணிக்குவாங்கன்னு நெனச்சு. என்ன ஆச்சுன்னா எல்லாரும் கூட வர்றவன பள்ளத்துல தள்ளிவிட்டு வேடிக்க பாத்தாங்க. சரின்னு இடிக்கறத எடுத்துட்டு, பக்கத்துல வந்து தொட்டா ரெண்டு பேருக்கும் பறக்கற சக்தி ஏறும்னு மாத்தினாங்க. உடனே பள்ளத்துல தள்ளினதெல்லாம் போச்சு, ஒட்டிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சாங்க. மனுஷங்க திடீர்னு திருந்திடல, தள்ளினா சுவாரசியமா எதோ நடக்குதுன்னா தள்ளுவான், தொட்டா நடக்குதுன்னா தொடுவான், அவ்ளோதான்.

இதே மாதிரி ஜப்பான்ல ஹிடெடாகா மியாசாகி. டீமன்ஸ் சோல்ஸ் (2009), டார்க் சோல்ஸ் (2011) எல்லாம் செஞ்சவரு, மனுஷன ஆயிரம் தடவ சாகடிக்கற கேமுக்கு பேரு போனவரு, ஆனா அந்த கேம்லயே தெரியாதவன் தரையில "முன்னாடி பொறி இருக்கு"ன்னு எழுதி வச்சிட்டு போவான், கூப்பிட்டா இன்னொருத்தன் உலகத்துலேந்து வந்து சண்ட போட்டு கொடுத்துட்டு மறைஞ்சிடுவான். அந்த ஐடியா எங்கேந்து வந்துச்சுன்னு அவரே பேட்டில சொல்லிருக்காரு. ஒரு தடவ பனில மலை ரோட்ல கார் ஏறாம நின்னுடுச்சு, பின்னாடி வந்த கார்க்காரங்க ஒருத்தர ஒருத்தர் முட்டி தள்ளி மேல ஏத்திவிட்டாங்க, இறங்கி நன்றி சொல்லலாம்னா நின்னா மறுபடி மாட்டிக்கணும், அதனால போயிட்டே இருந்தாரு, கடைசியா இருந்த கார் ஏறிச்சா இல்லையான்னே அவருக்கு தெரியாது. அந்த உணர்வத்தான் கேம்ல வச்சாராம்.

இதுல எனக்கு பிடிச்சது, அந்த அன்புக்கு பின்னால எந்த கணக்கும் கிடையாது. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு ஒரு உதவி செஞ்சா அது ஒரு கணக்குல ஏறும், நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு போகணும், மொய் எழுதணும், போகலன்னா பேச்சு வரும். கேம்ல ரிவைவ் பண்ணவனுக்கு நீங்க ஒன்னும் பாக்கி இல்ல. செலவு கம்மி, திருப்பி கேக்க மாட்டான், அதனால தாராளமா நடக்குது. ஆனா அதே காரணத்துக்காகத்தான் அது அங்கயே நின்னும் போகுது.

திட்டறவங்க கதைக்கு வருவோம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேம் நடத்தற ரயட் கம்பெனி இத பல வருஷம் அளந்து பாத்துச்சு. அவங்க கண்டுபிடிச்சது, எப்பவுமே விஷமா இருக்கறவங்களால வர்ற வம்பு சுமார் 13 சதவீதம்தான், மீதி 87 சதவீதம் மத்த நாள்ல ஒழுங்கா ஆடற சாதாரண ஆளுங்க எப்பயாவது ஒரு நாள் வெடிக்கறதால வருது. அதாவது ஸ்மோக் போட்டு காப்பாத்தினவனும், அடுத்த நாள் ஆபீஸ்ல டீம் லீட் கிட்ட வாங்கிக்கட்டிட்டு வந்து உங்க அம்மாவ திட்டறவனும் ஒரே ஆளா இருக்கலாம். ஜான் சூலர்ங்கற சைக்காலஜிஸ்ட் 2004லயே எழுதினாரு, முகம் தெரியாத இடத்துல மனுஷனுக்கு கூச்சம் விட்டுப்போகும், அதுல ஒரு பக்கம் அசிங்கமா பேசறது வரும், இன்னொரு பக்கம் வழக்கத்துக்கு மேல மனசு திறக்கறதும் அன்பா இருக்கறதும் வரும்னு. ரெண்டும் ஒரே ஊத்துலேந்து வர்ற தண்ணிதான், அதனாலதான் சாட்ட மொத்தமா மூடினா திட்டு மட்டும் போறதில்ல.

பெங்களூர்ல இதுக்கு ஒரு தனி ருசி உண்டு. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தலைமுறையா இருக்கற தமிழ்க்காரங்கள விடுங்க, அவங்களுக்கு ஊரு, தெரு, கோயில், சொந்தம் எல்லாம் இங்கயே இருக்கு. நான் சொல்றது நேத்து பஸ்ஸுல வந்து இறங்கினவன. வெள்ளிக்கிழம ராத்திரி மடிவாளால பஸ் ஏறி ஊருக்கு போய் திங்கக்கிழம விடிகாலைல சில்க் போர்டுல கண்ண கசக்கிட்டு இறங்கறவன். ரூம்மேட் தெலுங்கு, ஓனர் கன்னடா, ஆபீஸ்ல ஹிந்தியும் இங்கிலீஷும், ஷிஃப்ட் வேற மாறி மாறி வரும், ஒரே ரூம்ல இருக்கறவன் முழிச்சிருக்கறப்ப இவன் தூங்குவான். நாள் முழுக்க இங்கிலீஷ்ல யோசிச்சு யோசிச்சு பேசினவனுக்கு ராத்திரி ரேண்டம் டீம்ல மூணு பேரு ஹிந்தில கத்திட்டு இருக்கறப்ப நடுவுல ஒரு குரல் "டேய் பின்னாடி ஆளுடா, மரத்துக்கு பின்னாடி"ன்னு வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க. துப்பாக்கி சண்டைய மறந்துட்டு "ப்ரோ நீங்க தமிழா, எந்த ஊரு"ன்னு கேப்பான். "திண்டுக்கல் ப்ரோ, இப்ப மாரத்தஹள்ளி." "அட நான் பொம்மனஹள்ளிதான்!" அதுக்குள்ள ரெண்டு பேரும் சுட்டு தள்ளப்பட்டிருப்பாங்க. பரவால்ல, அன்னைக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் போகும்.

பொண்ணுங்களுக்கு இந்த கதை இப்படி இல்ல. என் கூட வேலை செய்யற ஒரு அக்கா நல்லா ஆடுவாங்க, என்ன விட எவ்வளவோ மேல, ஆனா மைக் ஆன் பண்ணவே மாட்டாங்க, பேரும் பையன் பேரு மாதிரி வச்சிருக்காங்க. குரல் வெளிய வந்தா ஒன்னு அசிங்கமா வரும், இல்லன்னா அளவுக்கு மீறி அன்பா வரும், லெவல் த்ரீ ஹெல்மெட்ட கழட்டி கொடுப்பான், அடுத்த நிமிஷம் இன்ஸ்டா ஐடி கேப்பான். "எனக்கு ஹெல்மெட்டும் வேணாம் ஒன்னும் வேணாம் ஆள விடுங்கடா சாமின்னு இருக்கும்"னு சொன்னாங்க. மேல நான் சொன்ன கணக்கு பாக்காத அன்பு அவங்களுக்கு கிடைக்கணும்னா அவங்க வாய மூடிட்டு இருக்கணும், அதாவது தான் யாருன்னு மறைச்சாத்தான் அன்பு கிடைக்கும். தனிமைய போக்க வந்த இடத்துல இதுவும் ஒரு தனிமை.

ரெண்டாவது கேள்வி இப்போ. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டுச்சு, உலகத்துல 6 பேர்ல ஒருத்தர் தனிமைல தவிக்கறாங்க, வருஷத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் சாவுக்கு இதோட தொடர்பு இருக்குன்னு. நாம வயசானவங்க பிரச்சனைன்னு நெனைக்கறோம், ஆனா 13லேந்து 29 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல 17லேந்து 21 சதவீதம் பேரு தனிமையா உணர்றதா சொல்லிருக்காங்க. அதாவது கேம் ஆடற அதே வயசு.

அப்ப கேம்தான் காரணமா? ஆக்ஸ்ஃபோர்ட் ஆளுங்க 2022ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சுமார் 39,000 பேரு, 7 கேம், எவ்ளோ நேரம் ஆடினாங்கங்கறத அவங்கவங்க வாய்க்கணக்கா கேக்காம கேம் கம்பெனி கிட்டேந்தே நிஜ டேட்டா வாங்கி பாத்தாங்க. ஆடற நேரம் கூடறதுக்கும் மனசு நல்லா இருக்கறதுக்கும் கெட்டுப்போறதுக்கும் சொல்லிக்கற மாதிரி சம்பந்தம் இல்லன்னு வந்துச்சு. எதுக்கு ஆடறீங்கங்கறதுதான் விஷயமா இருந்துச்சு, பிடிச்சு ஆடறவன் நல்லா இருக்கான், ஆடியே ஆகணும்னு உள்ள ஒன்னு பிடிச்சு தள்ளி ஆடறவன் அப்படி இல்ல. இப்படி தள்ளப்படறவங்களுக்காக நம்ம பெங்களூர் நிம்ஹான்ஸ்லயே 2014லேந்து ஷட் கிளினிக்னு ஒன்னு நடக்குது, போன், கேம்ல மாட்டிக்கிட்டவங்களுக்குன்னே ஆரம்பிச்சது. உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்த நோய்ப் பட்டியல்ல சேத்தது 2022லேந்து அமலுக்கு வந்துச்சு, அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே இங்க ஓபி சீட்டு எழுதிட்டு இருந்தாங்க. அப்பா அம்மா பயப்படறதுல அர்த்தம் இல்லன்னு நான் சொல்ல வரல, மணிக்கணக்க மட்டும் பாத்து பயப்படறதுல பிரயோஜனம் இல்லன்னுதான் சொல்றேன்.

எனக்கு இன்னும் பொருத்தமா படறது 2006ல வந்த ரெண்டு ஆய்வு. ரெண்டும் ஒரு பாத்திரமா மாறி ஆயிரக்கணக்கான பேரோட ஆடற ஆன்லைன் ரோல்பிளே கேம்கள பத்தினது. ஒன்னுல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம்ல யாரு யாரு கூட ஆடறாங்கன்னு நிகோலா டுஷனோ, நிக் யீன்னு ஒரு குழு தானா பதிவு பண்ணி பாத்துச்சு. லட்சக்கணக்கான பேரு இருக்கற உலகத்துல பெரும்பாலும் தனித்தனியாத்தான் சுத்தறாங்க, மத்தவங்க அவங்களுக்கு கூட்டாளி இல்ல, பாக்கற ஆடியன்ஸ், பக்கத்துல ஆள் அரவம், ஒரு வேடிக்கை. இன்னொன்னு கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் எழுதினது, இந்த கேம் உலகங்க வீடும் இல்லாம வேலை இடமும் இல்லாம மூணாவதா ஒரு இடம்னாங்க. நம்ம பாஷைல டீக்கடை. அங்க புது புது ஆளுங்க பழக்கம், வேற வேற உலகத்து சேதி எல்லாம் கிடைக்கும், ஆனா கஷ்டம்னா தோள் கொடுக்கற ஆழமான உறவு அவ்ளோ சுலபமா கிடைக்காதுன்னும் சேத்தே சொன்னாங்க.

ரெண்டும் சேத்து பாத்தா அந்த மாடிப்படி தம்பி நல்லாவே புரியறான். அவனுக்கு ஆள் அரவம் வேணும், கிடைக்குது. ஆபத்துல கை கொடுக்க ஆளு வேணும், கிடைக்குது. ஆனா டீக்கடைக்கு தினம் ஒரே நேரத்துக்கு ஒரே ஆளுங்க வருவாங்க, நாலு நாள் வரலன்னா மாஸ்டர் கேப்பாரு. ரேண்டம் மேட்ச்மேக்கிங்ல அந்த நாலு நாள்ங்கற கணக்கே கிடையாது, ஒவ்வொரு மேட்சும் புது ஊரு புது ஜனம். போதாததுக்கு கீழ் ரேங்க் மேட்ச்கள்ல எதிர்ல வர்றவன்ல நிறைய பேரு ஆளே இல்ல, பாட்னு (bot) சொல்ற, கம்ப்யூட்டரே ஓட்டற பொம்மைங்க. நூறு பேரோட ஆடறோம்னு நெனச்சிட்டு இருப்பான்.

உதவி கிடைக்கறது வேற, ஒருத்தன் நம்மள தேடறது வேற. நார்வேல மாட்ஸ் ஸ்டீன்னு ஒருத்தர் இருந்தாரு, தசை சிதைவு நோய், டுஷேன்னு சொல்லுவாங்க, சின்ன வயசுலயே வீல்சேர், கடைசில விரல் மட்டும்தான் அசையும். 2014ல 25 வயசுல இறந்துட்டாரு. பையன் வாழ்க்கை முழுக்க கேம்லயே தனியா போயிடுச்சேன்னுதான் அப்பா அம்மா அழுதாங்க. அவரு எழுதிட்டு இருந்த வலைப்பக்கத்துல இறந்த சேதிய போட்டாங்க, அவ்ளோதான், யூரோப் பூராலேந்து மெயில் வந்து குவிஞ்சது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல இபெலின்னு ஒரு பேர்ல, ஸ்டார்லைட்ங்கற கில்ட்ல, அதாவது கேமுக்குள்ளயே சேந்து ஆடற நிரந்தர குழுல, பல வருஷமா ஆடிட்டு இருந்தவரு, அந்த கில்ட் ஆளுங்க சில பேரு வேற வேற நாட்லேந்து இறுதிச் சடங்குக்கே வந்துட்டாங்க. 2024ல அவர பத்தி டாக்குமெண்டரி கூட வந்துச்சு.

அத பாத்துட்டு "பாத்தியா கேம்ல எவ்ளோ அன்பு"ன்னு நிறைய பேரு உருகி எழுதினாங்க. உருகறது சரிதான், ஆனா அங்க வேலை செஞ்சது தூக்கிவிட்டு மறையற அன்பு இல்ல. ஒரே கில்ட், ஒரே ஆளுங்க, வருஷக்கணக்கு, நடுவுல சண்ட, கோவம், மன்னிப்பு எல்லாம் இருந்துச்சு. தன் நோய ரொம்ப நாள் அவங்க கிட்ட சொல்லாம மறைச்சிருந்தாரு. அவரு வரலன்னா தெரியற மாதிரி ஒரு இடம் அவருக்கு அங்க இருந்துச்சு, அதுதான் வித்தியாசம். அதுவும் கில்ட்னு ஒரு அமைப்பு கேம்லயே இருந்ததால அந்த இடம் உருவாக முடிஞ்சது.

அந்த இடம் எவ்ளோ சுலபமா காணாம போகும்ங்கறதையும் நாம பாத்துட்டோம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைல அரசாங்கம் தடை பண்ணிச்சு, அதோட சேத்து மொத்தம் 118 ஆப். அக்டோபர் 30ஆம் தேதி இந்தியால சர்வரே நின்னுச்சு. லாக்டவுன்ல ஆறு மாசம் தினமும் ராத்திரி குரல் கேட்டு பழகினவங்க, போன் நம்பர் வாங்கி வச்சிருந்தா தப்பிச்சாங்க, கேம் பேரு மட்டும் தெரிஞ்சவங்க அவ்ளோதான். 2021 ஜூலைல பிஜிஎம்ஐன்னு திரும்ப வந்தப்ப பழைய அக்கவுண்ட மாத்திக்கலாம்னாங்க, சில பேரு மாத்திக்கிட்டாங்க, சில பேரு அதுக்குள்ள கல்யாணம், வேலைன்னு போயிட்டாங்க. பழைய லிஸ்ட்ல சாம்பல் கலர்ல பேரு மட்டும் நிக்கும், "கடைசியாக 400 நாளுக்கு முன்"ங்கற மாதிரி.

இதுக்கு கேம் கம்பெனிங்க ஒன்னுமே பண்ணலன்னு சொல்ல முடியாது. கிளான்னு கில்ட் மாதிரியே ஒரு குழு இருக்கு, சேந்து ஆடினா பாயிண்ட் இருக்கு, மேட்ச் முடிஞ்சதும் லைக் போடலாம், டீம்ல இருந்தவன விட்டு ஓடினா மெரிட்ங்கற நடத்தை மார்க் கொறையும். ஆனா எல்லாமே நீங்க வந்ததத்தான் எண்ணுது. வராதத எண்ணறது ஒரே ஒரு இடத்துலதான், கிளான் லிஸ்ட்ல, அதுவும் எப்படின்னா இவன் ஆடல, கிளான் பாயிண்ட் ஏறல, இவன தூக்கிட்டு வேற ஒருத்தன சேருன்னு தலைவனுக்கு தோண வைக்கற மாதிரி. வேலை பளுலயோ மனசு சரியில்லாமலோ ஒருத்தன் பத்து நாள் ஒதுங்கினா திரும்பி வரப்ப கிளானே இருக்காது, ஏன்டா வரலன்னு ஒரு வார்த்தை கூட இல்லாம.

ஈரோட்டு தம்பி இப்ப ஒரு கிளான்ல இருக்கான், மேல சொன்ன மாரத்தஹள்ளி திண்டுக்கல்காரர் ஆரம்பிச்சது, முக்கால்வாசி பெங்களூர் தமிழ் பசங்க, ஒன்னு ரெண்டு ஹோசூர். அவங்களே ஒரு ரூல் வச்சிருக்காங்க, ஒரு வாரம் ஆள காணோம்னா வாட்ஸப்ல ஒருத்தன் கேக்கணும், கேக்காம யாரையும் தூக்கக்கூடாது. போன மாசம் ஒருத்தன் காணாம போயி கேட்டப்ப அப்பாவ ஜிப்மர்ல சேத்திருக்கேன்னு பதில் வந்துச்சு, பாண்டிச்சேரில இருந்த இன்னொரு கிளான்காரன் டிபன் வாங்கிட்டு நேர்லயே போயிட்டு வந்தான். அது வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. இந்த ரூலால பாயிண்ட் இல்லாத ஆளுங்க கிளான்ல தேங்கி கிடக்காங்க, லெவல் ஏற மாட்டேங்குது, அதுக்காக ஞாயித்துக்கிழமையானா குரூப்ல பயங்கர சண்ட, திண்டுக்கல்காரர் மட்டும் ரூல மாத்தவே முடியாதுங்கறாரு.